கறுப்புக் காதுக்காரி

ஜூன் 8, வியாழன்

என் வீட்டுக்காரர் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் போய்விட்டன. பேச்சு கொஞ்சம் குழறுகிறது, ஆனால் புரிகிறது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பெங்களூரிலிருந்து பையன் வந்து கூட இருக்கிறான். என்னை அவரே உடுமலை வீட்டுக்குத் துரத்திவிட்டார்.

"சோழிக்கு நாள் வந்துருச்சு. நீ இங்க உக்காந்து என்னைப் பார்த்துட்டு என்ன பண்ணப் போற? போ. குட்டி போட்டா ஒண்ணொண்ணையும் எழுதி வை. புள்ளி எப்ப வருது, எங்க வருது, எல்லாம். நான் வந்து பார்த்துத்தான் எடுக்கணும்."

சோழி எங்கள் டால்மேஷன். வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் முப்பது வருஷம் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு இப்போது சாயத்துக்குப் பதில் நாய். திருமூர்த்தி கண் வைத்த குட்டி ஷோவில் தோற்காது என்று அவரைப் பற்றி நாய் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். குட்டிகளின் தகப்பன் குன்னூர் பெனடிக்டுடையது. நாய் சேர்த்ததற்குப் பணம் கிடையாது, குட்டிதான். எட்டு வாரத்தில் பெனடிக்ட் வருவார். முதல் குட்டி நாங்கள் எடுப்போம், இரண்டாவதை அவர் எடுப்பார். மிச்சமெல்லாம் வேண்டியவர்களுக்கு. அதுதான் பேச்சு.

இத்தனை வருஷத்தில் நான் ஒரு குட்டியையும் தேர்ந்தெடுத்ததில்லை. சோறு வைப்பேன், கழுவிவிடுவேன்.

ஜூன் 9

காலை பத்து மணிக்குத் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. ஏழு. நான்கு பெட்டை, மூன்று கடுவன். டாக்டரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் உரித்த முட்டை மாதிரி வெள்ளை. ஒரு புள்ளிகூட இல்லை. பிறக்கும்போது இப்படித்தான் என்று தெரியும், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சந்தேகம் வரும், வேறு சாதிக் குட்டியோ என்று.

ஒரு பெட்டைக்கு மட்டும் வலது காது முழுக்கக் கறுப்பு. பிசுக்கு ஒட்டியிருக்கிறது என்று வெந்நீர்த் துணியால் துடைத்தேன். போகவில்லை. அந்த இடத்து முடி மட்டும் வெல்வெட் துணி மாதிரி இருந்தது. கறுப்பு காதிலிருந்து கன்னம் வரை இறங்கியிருக்கிறது.

போனில் சொன்னேன். "பொறக்கறப்பவே கறுப்புன்னா அது புள்ளி இல்ல, திட்டு. புள்ளி பின்னாலதான் வரும். திட்டு இருந்தா ஷோவுக்கு ஆகாது, வளையத்துக்குள்ளயே விடமாட்டாங்க. அத யாருக்காச்சும் குடுத்தர்லாம்" என்றார். ஏழையும் பற்றிக் கேட்டார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 12

அடையாளத்துக்கு ஏழு நிறக் கம்பளி நூல் கட்டினேன்.

ஜூன் 13

சோழி ஏழு நூலையும் கடித்துத் துப்பிவிட்டாள். இனி கண்தான் அடையாளம்.

ஜூன் 19, திங்கள்

வந்துவிட்டது.

குளிப்பாட்டும்போது ஒரு கடுவனின் வயிற்றுத் தோலில், தண்ணீர் பட்ட இடத்தில், சாம்பல் நிறத்தில் நிழல் மாதிரி ஏதோ தெரிந்தது. துடைத்துக் காய்ந்ததும் மறைந்துவிட்டது. மறுபடி நனைத்தேன், மறுபடி தெரிந்தது. முடிக்கு முன்னால் தோலில் வருகிறது. இத்தனை வருஷம் கூடவே இருந்தும் இதை நான் பார்த்ததில்லை. அவர் பார்த்திருப்பார். சொன்னதில்லை.

ஏழையும் வரிசையாக நனைத்துப் பார்த்தேன். ஆறுக்கு வந்திருக்கிறது. கறுப்புக் காதுக்காரிக்கு இடது தோளில் அழகாக மூன்று. ஒரு பெட்டைக்கு ஒன்றுமே இல்லை. அவளுக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தேன்.

இந்த வேலையில் அடுப்பில் பால் பொங்கிப் போய்விட்டது.

ஜூன் 21, புதன்

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஹாலில் கட்டில். வலது கைப்பக்கம் சன்னல், எதிரே குட்டிகளின் அடைப்பு. இடது பக்கம்தான் நாற்காலி போட இடம் இருக்கிறது. அங்கே நான்.

கிளம்பும்போது டாக்டர் ஏதேதோ சொன்னார். இடது பக்கம் கவனம் கம்மியாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கையும் காலும் விழுந்திருக்கிறதே, பார்த்துக்கொள்ளாமல் என்ன செய்வேன். பையன் ஊருக்குப் போய்விட்டான். கை கால் பயிற்சிக்குப் பர்வீன் என்று ஒரு பெண் வாரத்தில் மூன்று நாள் வருவாள்.

குட்டிகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதைப் பையன் பார்த்திருக்க வேண்டும்.

ஜூன் 25

பீன்ஸ் பொரியலை அப்படியே விட்டுவிட்டார். சோற்றிலும் பாதி. ஆஸ்பத்திரிச் சாப்பாடு வாயைக் கெடுத்துவிட்டது போல. போதுமா என்று கேட்டால், இன்னும் பசிக்கிறது, இவ்வளவுதான் வைத்தாயா என்கிறார். தட்டில் பாதி அப்படியே இருக்கிறது. மருந்து மயக்கம்.

பஞ்சுவுக்கு இன்னும் ஒன்றுமில்லை. மற்றதற்கெல்லாம் நாளுக்கு நாள் கூடுகிறது.

ஜூன் 28

சாயங்காலம் கட்டிலருகே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சன்னலைப் பார்த்துக்கொண்டு, "வசந்தா எங்க போனா?" என்று கேட்டார். இங்கதானுங்க இருக்கேன் என்றேன். சன்னல் பக்கமாகவே தேடினார். தூக்கக் கலக்கம்.

ஜூலை 2, ஞாயிறு

இன்றைக்குப் பேப்பர் மேல் கோபம். "என்னத்த எழுதறானுக. 'திறப்பு இல்லை'ன்னு போட்டிருக்கான். என்ன திறப்பு இல்ல? கடையா, பள்ளிக்கூடமா?"

வாங்கிப் பார்த்தேன். 'அமராவதி அணையில் தண்ணீர் திறப்பு இல்லை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கண்ணாடி பவர் மாறியிருக்கலாம். டாக்டரைக் கேட்க வேண்டும்.

காற்று தொடங்கிவிட்டது. துணி காயப்போட முடியவில்லை. காற்றாலை எல்லாம் விடாமல் சுற்றுகிறது.

ஜூலை 5

தானே சவரம் செய்துகொள்வேன் என்று அடம்பிடித்தார். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன். வலது கன்னம் மழுமழுவென்று ஆயிற்று. இடது கன்னத்தில் நுரை அப்படியே. முடிந்தது என்று ரேசரைக் கீழே வைத்தார். மிச்சத்தை நானே வழித்துவிட்டேன். புது ரேசர், அவருக்குப் பழகவில்லை.

ஜூலை 10

பஞ்சுவுக்கு முதல் புள்ளி. வாலின் நடுவில். பெருமாளுக்குத் தேங்காய் உடைக்கலாமா என்று தோன்றியது.

மூக்குகளும் கறுத்துவருகின்றன. பிறந்தபோது எல்லா மூக்கும் ரோஜா நிறம். இப்போது மை கொட்டிய மாதிரி ஓரத்திலிருந்து நிறைகிறது. கடுவன் ஒன்றுக்கு ஒரு கண் நீலம். பார்க்க என்னவோ அழகு. ஆனால் அதுவும் ஷோவுக்கு ஆகாதாம். புள்ளி தனித்தனியாக, வட்டமாக இருக்கணும், காசு மாதிரி. ஒன்றோடொன்று சேர்ந்துவிடக் கூடாது. காதிலும் புள்ளிதான் இருக்கணும், முழுக் கறுப்பாக இருக்கக் கூடாது. தலையிலும் காலிலும் சின்னது, உடம்பில் பெரியது. அவர் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொரு குட்டியாகத் தூக்கிக் காட்டினேன். முன்பெல்லாம் இப்படிச் சொல்லமாட்டார். இப்போது கை வேண்டியிருக்கிறது, அதனால் சொல்கிறார்.

"ஆறுதானே இருக்குது?" என்றார். ஏழுங்க என்றேன். எண்ணினார். ஆறு என்றார். மறுபடி எண்ணினார். ஐந்து.

ஜூலை 14

டால்மேஷனில் சில குட்டிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் இன்றைக்குச் சோதித்தோம். குட்டிகள் தூங்கும்போது அடைப்புக்கு வெளியே நின்று எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன். ஏழும் துள்ளி எழுந்து என் பக்கம் பார்த்தன. நல்லது.

அவரும் தூக்கிப்போட்டுத் திரும்பினார். நான் கட்டிலுக்கு இடது பக்கம் நின்றிருந்தேன். அவர் வலது பக்கம் திரும்பினார். சன்னலைப் பார்த்து, "எங்கடி போட்ட?" என்றார்.

ஏழு குட்டிக்கும் தெரிந்தது.

ஜூலை 17, திங்கள்

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

பர்வீன் கைக்குப் பயிற்சி கொடுத்து முடித்தபின், "அங்கிள், ஒரு விளையாட்டு. கண்ண மூடிக்கோங்க. மார்க்கெட்டுல இருந்து நம்ம வீட்டுக்கு நடந்து வர்றீங்க. வழியில என்னென்ன இருக்குதுன்னு சொல்லிட்டே வாங்க" என்றாள்.

அவர் சிரித்தார். இருபது வருஷமாக நடந்த தெரு. "எண்ணெய்க்கடை. அதுக்கடுத்து டெய்லர். மெடிக்கல் ஸ்டோர். மாரியம்மன் கோயில். அரிசி மண்டி. பொறவு நம்ம வீடு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பர்வீன் கையைக் காட்டித் தடுத்தாள். அவர் தினமும் சாயங்காலம் போய் உட்கார்ந்து பேசும் சைக்கிள் கடையைச் சொல்லவில்லை. பேக்கரியைச் சொல்லவில்லை. தபால் ஆபீஸைக்கூட விட்டுவிட்டார்.

"சூப்பர் அங்கிள். இப்ப வீட்டுல இருந்து கிளம்பி மார்க்கெட்டுக்குப் போங்க."

"சைக்கிள் கடை. பேக்கரி. தபால் ஆபீஸ். இஸ்திரிக்காரரு. வாழைக்காய் மண்டி." ஒன்றுவிடாமல் சொன்னார். கோயிலைச் சொல்லவில்லை. அரிசி மண்டியைச் சொல்லவில்லை.

போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறு பக்கம். எந்தப் பக்கம் நடந்தாலும் வலது கைப்பக்கம் இருப்பது மட்டும்.

பர்வீனை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"கண்ணுல குறையில்ல ஆன்ட்டி. கண்ணு நல்லாத்தான் பார்க்குது. மூளைக்கு இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே தோணல. தட்டுல பாதிய விடறாரா?"

"விடறாரு."

"சவரம்?"

"அதுவும்."

"ஆஸ்பத்திரில சொல்லியிருப்பாங்களே."

சொன்னார்கள். எனக்குத்தான் விளங்கவில்லை. "அவருக்கு இது தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்கறதுதான் இந்த நோவே. இல்லாத ஒண்ண யாராச்சும் தேடுவாங்களா? எடுத்துச் சொன்னா பல பேருக்குக் கோபம் வரும், நம்பவே மாட்டாங்க. நீங்க இடது பக்கமா உக்காந்து பேசிட்டே இருங்க. கொஞ்சம் கொஞ்சமா தலைய இந்தப் பக்கம் திருப்ப வைக்கணும். நாளாகும். நெறயப் பேருக்குச் சரியாயிருது."

நான் இடது பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு மாதமாக. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 18

இடது கண்ணை மூடிக்கொண்டு சமைத்துப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை, மூக்கு கொஞ்சம் மறைக்கிறது. மறைக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. அவருக்கு மறைப்பதே தெரியாதாம்.

பிறகு யோசித்தேன். என் முதுகுக்குப் பின்னால் இப்போது எனக்கு என்ன தெரிகிறது? கறுப்பாகக்கூட ஒன்றுமில்லை. அங்கே ஏதாவது விட்டுப்போகிறது என்று நான் வருத்தப்பட்டதும் இல்லை. இப்படித்தான் இருக்குமோ.

ஜூலை 21

தட்டைப் பாதியில் திருப்பி வைத்தேன். "இப்பத்தான் போட்டியா" என்று பொரியல் முழுவதையும் சாப்பிட்டார். பீன்ஸ் பிடிக்காமல் போகவில்லை.

பஞ்சுவுக்குப் புள்ளி மளமளவென்று வருகிறது. எல்லோருக்கும் பின்னால் வந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாக, அவசரமில்லாமல். மற்றதுகளுக்கு முதலில் வந்தவை பெருத்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கிவிட்டன. அவரிடம் காட்டினேன். "அது காலிப் புள்ள. கடைசில கறிவேப்பிலை தாளிச்ச மோர் மாதிரி நிக்கும். எறக்கி விடு" என்றார். இறக்கிவிட்டேன்.

ஜூலை 27, வியாழன்

இன்றைக்குக் குட்டிகளை ஒவ்வொன்றாக அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஐந்தாவதாகத் தூக்கியதும், "நில்லு" என்றார்.

வெகுநேரம் பார்த்தார். அவர் கண் அப்படி ஒரு இடத்தில் நிற்பதைச் சாயப்பட்டறையில் ஒரு முறை பார்த்திருக்கிறேன், இரண்டு துணித் துண்டுகளைச் சேர்த்துவைத்து நிறம் ஒத்திருக்கிறதா என்று பார்க்கும்போது.

"இதுதான். தோள்ல பாரு, அளந்து வச்ச மாதிரி. காதுல நாலு புள்ளி, தனித்தனியா. கண்ணு எப்படிக் கறுப்பா இருக்குது பாரு. பத்து வருஷத்துல இப்படி ஒண்ணு வரல. பெனடிக்ட் இதப் பார்த்தா அழுதுருவான்."

நான் தூக்கிப் பிடித்திருந்தது கறுப்புக் காதுக்காரியை. என் பக்கம் பார்த்தால் கறுப்புக் காதும் கன்னமும்தான். அவளை அவருக்கு எதிர்முகமாகப் பிடிக்கும்போது வலது காது அவருக்கு இடது பக்கம் போய்விடுகிறது.

"அந்தக் கறுப்புக் காது குட்டி..." என்று இழுத்தேன்.

"அத யாருக்காச்சும் குடுத்துரு. இத மட்டும் பத்திரமா பார்த்துக்க."

சன்னல் பக்கமாக அவள் திரும்பி ஓடும்போது அவருக்கு அது கறுப்புக் காது. நேரே வந்து நிற்கும்போது அது அழகி. ஒரே குட்டி இரண்டு குட்டியாக இருக்கிறது அவருக்கு. எண்ணிக்கை ஏன் ஒத்துவரவில்லை என்று அவர் யோசிக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு இன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டார்.

ஜூலை 28

சொல்லலாம் என்று போனேன். அவர் போனில் பெனடிக்டிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஒண்ணு இருக்குது, நீ வந்து பாரு." குரல் பழைய குரல் மாதிரி இருந்தது.

நாளைக்குச் சொல்லலாம்.

ஜூலை 30

குட்டிகளுக்குப் பூச்சி மருந்து. மாவு அரைத்தேன். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2, புதன்

பர்வீனிடம் கேட்டேன். "நீங்கதான் முடிவு பண்ணணும் ஆன்ட்டி. வாயால சொல்றதவிட அவரே பார்க்கற மாதிரி செஞ்சா நல்லது" என்றாள். அதற்குள் அவள் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது யார் என்றால் கறுப்புக் காதுக்காரிதான்.

மத்தியானம் அவர் தூங்கும்போது ஏழு குட்டியையும் கூடத்தில் நடக்கவிட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. எனக்கு எது பிடித்தது என்று எழுத வேண்டாம். அது என் வேலை இல்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பெனடிக்ட் பதினொரு மணிக்கு வந்தார். தேயிலை ஃபாக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதும் ஸ்வெட்டர், உடுமலை வெயிலிலும். அவரும் இவரும் இருபது வருஷமாக ஷோவில் எதிரும் புதிருமாக நின்றவர்கள். கட்டிலருகே வந்து இடது கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படி இருக்கீங்க அண்ணே" என்றார். பதில் வரவில்லை. பெனடிக்ட் என்னைப் பார்த்தார். நான் அவரைச் சன்னல் பக்கம் வரச் சொல்லிச் சைகை செய்தேன்.

"அட, பெனடிக்ட். எப்ப வந்த?" என்றார் இவர்.

அதற்குப்பின் பேச்சு எல்லாம் சரியாகவே போனது. இட்லி சாப்பிட்டுக்கொண்டே ஊட்டி மழை, யார் நாய் எங்கே ஜெயித்தது. பிறகு இவர், "வசந்தா, கொண்டா" என்றார்.

எதைக் கொண்டுவரச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். வேறு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் இவர் அதை ஏதோ ஒன்று என்று விட்டிருக்க மாட்டார், இவருக்குப் புள்ளி தெரியும். கறுப்புக் காதுக்காரியைத் தூக்கிவந்து முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"பார்த்தியா. இதுதான் எங்க குட்டி. மிச்சத்துல நீ எடுத்துக்க."

பெனடிக்ட் குட்டியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று கொஞ்சம் சிரித்தார்கூட. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தட்டில் பாதி இட்லி மிஞ்சியிருப்பதைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, எழுந்தார்.

"அக்கா, காப்பி நானே போட்டுக்கறேன். எனக்குக் கொஞ்சம் ஸ்ட்ராங்கா வேணும். டிகாஷன் இருக்குதுல்ல?" என்று அடுக்களைக்குள் போய்விட்டார். இருபது வருஷத்தில் அவர் எங்கள் அடுக்களைக்குள் போனதில்லை.

இங்கே நானும் இவரும் குட்டியும்.

"ஏனுங்க," என்றேன், "இத இன்னொருக்கா சித்தெ பாருங்க. நான் மெதுவாத் திருப்பறேன். கண்ண எடுக்காதீங்க."

"எதுக்கு?"

"பாருங்களேன்."

குட்டியின் மூக்கு சன்னல் பக்கம் போகும்படி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். அவருடைய வலது கையை எடுத்து அதன் இடது காதில் வைத்தேன். அங்கிருந்து உச்சந்தலை வழியாக வலது காதுக்கு அந்தக் கையை நகர்த்தினேன். விரல்களுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும், அந்த வெல்வெட் முடி. விரல் நின்றது. அதன்பின் கறுப்பு, ஓரத்திலிருந்து கண்ணுக்குள் வந்தது. அவர் முகத்தில் அது வருவதை நான் பார்த்தேன்.

"இது அது இல்ல. மாத்தீட்ட."

"மாத்தலீங்க. கை எடுக்காமத்தான இருக்கீங்க."

குட்டியைத் திரும்ப நேராகப் பிடித்தேன். கறுப்பு போய்விட்டது அவருக்கு. மறுபடி திருப்பினேன். வந்தது. மூன்றாவது தடவை அவரே தன் கையால் அதன் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். குட்டி அவர் கட்டைவிரலைக் கடித்தது. அவர் கவனிக்கவில்லை.

"எங்கிருந்து வந்துச்சு இது?"

"அது அங்கயேதானுங்க இருந்துச்சு. பொறந்ததுல இருந்து."

உள்ளே பெனடிக்ட் சர்க்கரை டப்பாவைத் தேடி ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுவது கேட்டது.

"அப்ப," என்றார், "வேற என்னெல்லாம் அங்க இருக்குது?"

என்னவென்று சொல்வது. தட்டில் பாதிச் சோறு, பேப்பரில் பாதி வரி, சைக்கிள் கடை, அவருடைய இடது கன்னம். எல்லாவற்றையும் சொல்ல நினைத்தேன். வேறு ஒன்று வந்தது வாயில்.

"நானும் அங்கதானுங்க உக்காந்திருந்தேன். ஒண்ணரை மாசமா."

அவர் தலையைத் திருப்ப முயன்றார். கழுத்து வரவில்லை என்பதல்ல, எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாத மாதிரி இருந்தது. அவர் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். பார்த்தார். இளைச்சுட்டியே என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெனடிக்ட் மூன்று டம்ளர் காப்பியோடு வந்தார். உப்பைப் போடாமல் சர்க்கரையைக் கண்டுபிடித்திருந்தார்.

"மொதக் குட்டிய வசந்தா எடுப்பா," என்றார் இவர். "எனக்குப் பாதிதான் தெரியுதாம். அவளுக்கு ரெண்டு பக்கமும் தெரியுது."

நான் யோசிக்கவில்லை. போய்ப் பஞ்சுவைத் தூக்கினேன்.

"அக்கா, நெஜமாவா? இன்னும் முழுசா வரலையே," என்றார் பெனடிக்ட்.

"வரும்" என்றேன்.

அவர் ஒரு கடுவனை எடுத்தார். நல்ல எலும்பு, புள்ளி கொஞ்சம் நெருக்கம். சாயங்காலம் போகும்போது வாசலில் நின்று, "அண்ணன் இருந்திருந்தாலும் அந்தக் கடுவனைத்தான் எடுத்திருப்பார்" என்றார். இருந்திருந்தால் என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. இவர் இருக்கிறார்.

ஆகஸ்ட் 7

சாப்பாடு வேண்டாம் என்றார். கட்டாயப்படுத்தவில்லை.

ஆகஸ்ட் 8

காப்பியைக் குடித்துவிட்டுத் தட்டைத் தானே பிடித்துச் சுற்றினார், ஸ்டியரிங் மாதிரி. இட்லி வந்தது. "இங்க ஒண்ணு இருந்திருக்குது பாரு" என்றார். அப்புறம் தண்ணீர்ச் சொம்பைத் தேடினார். கட்டில் மேல் பேனாவைத் தேடினார். இடது கையை, அது அவருடையது என்பதே மறந்துபோயிருந்த மாதிரி, வலது கையால் தூக்கிப் பார்த்தார்.

பர்வீனிடம் ஒரு மணி நேரம் கேள்வி. மூளையில் எந்த இடம், எத்தனை நாளாகும், கனவில்கூட அந்தப் பக்கம் இருக்காதா. சிலதை டாக்டரிடம் கேட்டு வந்து சொல்கிறேன் என்றாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

மிச்சக் குட்டிகள் போய்விட்டன. கறுப்புக் காதுக்காரியைப் பர்வீன் எடுத்துக்கொண்டாள். அவள் அம்மாவுக்கு நாய் வேண்டாமாம், ஆனால் குட்டியைப் பார்த்ததும் அந்த அம்மா கேட்டது காதைப் பற்றித்தான், "இது என்ன, மை வச்சு விட்டிருக்கா?"

வீடு வெறிச்சென்று இருக்கிறது. பஞ்சு சோழியின் வாலைக் கடித்துக்கொண்டே திரிகிறாள்.

செப்டம்பர் 14

தடியூன்றி வாசல்வரை. இடது தோள் நிலைக்கதவில் இடித்தது. "இருக்குதுன்னு தெரியுது, இடிச்ச பொறவு" என்றார்.

அக்டோபர் 11

பஞ்சுவைக் கயிற்றில் நடத்திப் பழக்குகிறேன். நான் ஓட, அவர் நாற்காலியில் உட்கார்ந்து திட்ட. கயிறு தொய்யக் கூடாது, தலை நிமிரணும், நீ குனியாத. தெருவில் எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள். ஐம்பத்தெட்டு வயதில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாயோடு ஓடுவேன் என்று நான் நினைத்ததில்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

கோயமுத்தூர் ஷோ. வாடகைக் கார் பிடித்துப் போனோம்.

குட்டிகள் பிரிவில் டால்மேஷன் ஐந்து. பெனடிக்டின் கடுவனும் இருந்தது, பெரிதாக, பளபளவென்று. பஞ்சுவை நான்தான் வளையத்துக்குள் கூட்டிக்கொண்டு போனேன். நன்றாக நின்றாள். ஜட்ஜ் அம்மா வெளிநாட்டுக்காரர். பஞ்சுவின் காதைத் தூக்கிப் பார்த்தார், வாலைப் பார்த்தார், முதுகில் புள்ளிகளின் மேல் விரலை ஓட்டினார். நல்ல புள்ளி என்று சொன்னதாகப் பக்கத்தில் நின்ற பையன் சொன்னான். பிறகு எல்லோரையும் ஒரு சுற்று ஓடச் சொன்னார்.

பெனடிக்டின் குட்டிக்கு முதல் பரிசு. பஞ்சு மூன்றாவது.

வெளியே வந்தபோது அவர் நாற்காலியில் இருந்தபடி இடது பக்கமாகக் கழுத்தைத் திருப்பி எங்களைத் தேடிக்கொண்டிருந்தார். பர்வீன் சொல்லிக்கொடுத்தபடி, இடது தோளைத் தொட்டுக்கொண்டு, அங்கிருந்து தொடங்கி. கிடைக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

திரும்பி வரும்போது கோமங்கலம் தாண்டினோம். பஞ்சு எங்கள் இருவர் மேலும் படுத்துத் தூங்கிவிட்டாள்.

"புள்ளில இதுக்கு மிஞ்சினது அங்க இல்ல," என்றார். "பொறவு ஏன் மூணாவதா வச்சா?"

"ஓடறப்ப பின்னங்கால் உள்ளார வாங்குதுங்க. பெனடிக்ட் குட்டி நேரா வைக்குது. சோழிக்கே அந்தக் கோளாறு இருக்குது, அதுதான் இதுக்கும் வந்திருக்குது."

"நான் அதப் பார்க்கலையே."

"நீங்க எப்பவும் புள்ளியத்தானுங்க பார்ப்பீங்க. ஸ்ட்ரோக் வர்றதுக்கு முன்னாலயும்."

டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் பஞ்சுவின் பின்னங்காலைத் தொட்டு, முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். உடுமலை வந்துவிட்டது.

"அடுத்த ஈத்துக்கு எந்த ஆண் சேர்க்கலாம்னு நீயே யோசிச்சுச் சொல்லு" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மைசூர்க்காரர் ஒருவருடைய ஆண், மூன்று வயது, காப்பிக்கொட்டை நிறப் புள்ளி. மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அது வளையத்தில் ஓடியதை முழுக்கப் பார்த்தேன், பின்னங்கால் கம்பி மாதிரி வைக்கிறது. அந்த ஆளின் போன் நம்பரும் வாங்கிவிட்டேன். இவரிடம் நாலு நாள் கழித்துச் சொல்லலாம்.